கொள்ளிடம்: ஆறா, வடிகாலா?

காவிரி பெருக்கெடுக்கும் ஆண்டுகளில் நம் நாளேடுகளில் ஒரு செய்தி தவறாது இடம்பெறும். மேட்டூர் நிரம்பிவிட்டது, உபரி நீர் கொள்ளிடத்தில் திறந்துவிடப்படுகிறது, அது வீணாகக் கடலில் கலக்கிறது என்பதே அச்செய்தி. படிக்கும்போது நமக்கும் நெஞ்சு பதைக்கிறது. குறுவைக்கு நீரின்றி வாடிய வயல்களையும், கடைமடையில் கையைப் பிசைந்து நின்ற உழவர்களையும் கண்ட கண்களுக்கு, அத்தனை நீர் கடலுக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்குமா? ஆயினும் 'வீண்' என்னும் அச்சொல் நம் நாவில் எவ்வாறு குடியேறியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பொறியாளர்களும் உழவர்களும் மட்டுமன்றி மீன்களும் உண்டு.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரையே தாங்கிச் செல்ல, வடகிளை கொள்ளிடமாகிறது. இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு. தீவின் கீழ்முனையில் இரு கிளைகளும் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கி, பிறகு விலகிப் போகின்றன. காவிரி பல கிளைகளாகப் பிரிந்து தஞ்சை மண்ணில் கரைந்து, பூம்புகாரில் கடலைச் சேரும்போது ஒரு வாய்க்காலளவு மெலிந்துவிடுகிறது. கொள்ளிடமோ கிளை பிரியாமல், அகன்ற மணற்படுகையோடு வடகிழக்காகச் சென்று பழையாற்றை ஒட்டிக் கடலில் விழுகிறது. ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையை வணங்கிவிட்டுப் பூண்டி மாதாவைத் தேடிச் செல்லும் திருப்பயணிகள் இந்த ஆற்றைத்தான் கடக்கிறார்கள். கோடையில் கடப்போருக்கு அது ஒரு மணல்வெளி. ஆடியில் வந்து பார்ப்போருக்கோ மறுகரை கண்ணுக்கு எட்டாத வெள்ளம்.

இவ்விரு ஆறுகளுக்கும் உள்ள உறவை ஒரே உண்மை தீர்மானிக்கிறது. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது, அதன் போக்கு நேரானது, சரிவும் மிகுதி. நீருக்குச் சரிவே வழிகாட்டி. ஆகவே தடுப்பார் இல்லையெனில் காவிரி நீர் கொள்ளிடத்துக்குள் இறங்கிவிடும். தீவின் கீழ்முனையில் அவ்வாறு இறங்கும் இடத்தில்தான் கல்லணை நிற்கிறது. மரபு அதனைக் கரிகாலனுக்கு உரித்தாக்குகிறது. மணற்படுகையில் பெருங்கற்களைப் போட்டு, அவை தம் எடையால் புதைந்து நிலைகொண்டபின் மேலும் மேலும் அடுக்கி, இடையில் களிமண் இட்டுக் கட்டியது அது. நீரைத் தேக்கும் அணையென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் காவிரி தன் வழியைவிட்டுக் கொள்ளிடத்தில் நழுவாதபடி தாங்கிப் பிடித்த கை அது. பெருவெள்ளம் வந்தால் அதன்மேல் வழிந்து கொள்ளிடத்தில் இறங்கிவிடும்; சிறுவெள்ளம் காவிரியிலேயே போகும். நீரை முழுவதும் ஆள முனையாத அணை என்பதே அதன் பெருமை என்று நமக்குத் தோன்றுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் போர்களுக்கும் ஆட்சி மாற்றங்களுக்கும் பிறகு இந்தச் சமநிலை குலைந்தது. முக்கொம்பில் காவிரியின் தலைப்பு மணலேறி மேடிட்டது. கொள்ளிடம் ஆண்டுக்காண்டு ஆழமாகி நீரை இழுத்துக்கொண்டது. தஞ்சை வயல்கள் தரிசாகும் நிலை. 1804-இல் கால்டுவெல் என்னும் படைப் பொறியாளர் நிலைமையை ஆராய்ந்து கல்லணையை உயர்த்தப் பரிந்துரைத்தார். (ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வேறு, இவர் அவருக்கு முந்திய தலைமுறையினர்.) கரைகளை உயர்த்தியும் மணலை அகற்றியும் பார்த்தனர், நோய் தீரவில்லை. பின்னர் வந்தவர் ஆர்தர் காட்டன். கல்லணையின் அடித்தளத்தைக் கண்டு, நிலையற்ற மணலிலும் கட்டலாம் என்ற துணிவைப் பெற்றதாக அவரே நன்றியோடு குறித்திருக்கிறார். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையையும், பல கல் தொலைவு கீழே இன்று அணைக்கரை எனப்படும் இடத்தில் கீழணையையும் அவர் எழுப்பினார். மேலணை நீரைக் காவிரிக்குத் திருப்பியது. கீழணை, கொள்ளிடத்தில் எஞ்சி வந்த நீரை வடவாறு வழியே வீராணம் ஏரிக்கும் தென்னார்க்காட்டு வயல்களுக்கும் அனுப்பியது. தஞ்சை பிழைத்தது. அதற்கு நன்றி பாராட்டாதவர் இந்தப் பகுதியில் ஒருவரும் இருக்க முடியாது.

ஆனால் ஆறு தன் கணக்கைத் திறந்தே வைத்திருந்தது. மேலணை கட்டிய சில ஆண்டுகளில் காவிரிக்குள் அளவுக்கு மீறி நீர் புகத் தொடங்கியது. அதன் படுகை அரித்து ஆழமாயிற்று. முன்பு நீரின்றி அஞ்சியவர்கள் இப்போது வெள்ளத்துக்கு அஞ்சினர். ஆகவே 1840-களில் காவிரியின் தலைப்பிலும் படுகை மட்டத்தில் ஒரு கற்சுவர் எழுப்பிப் புதிய அரிப்பைத் தடுக்க வேண்டியதாயிற்று. மேலணையின் உயரத்தையும் ஓரிடத்தில் குறைக்க வேண்டியதாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் திடமான சுவரை நீக்கி, ஏற்றி இறக்கும் கதவுகளை அமைத்தனர். ஓரிடத்தில் படுகையை மாற்றினால் ஆறு வேறோர் இடத்தில் தன் சரிவைத் திருத்திக்கொள்ளும் என்பதை அன்றைய பொறியாளர்கள் தம் தவறுகளிலிருந்தே கற்றனர். நீரை மட்டும் அளந்தவர்களுக்கு மணலும் ஆற்றின் ஒரு பகுதி என்ற பாடம் அப்போது கிட்டியது.

மூன்றாவது ஒரு பகுதியும் உண்டு. அதை முதலில் உரக்கச் சொன்னவர் யார் தெரியுமா? அணைகளைக் கட்டிய காட்டனே.

உல்லம் என்பது கடல்மீன். வங்க மக்கள் இலிசா என்று போற்றுவதும் அதுவே. உண்பதற்கு மிகுந்த சுவை, முள்ளோ ஏராளம். கடலில் வளரும் இம்மீன் முட்டையிட நன்னீரைத் தேடி ஆற்றில் ஏறும். தென்மேற்குப் பருவ மழையால் குடகில் கிளம்பிய வெள்ளம் ஆடி மாதம் நம் பகுதிக்கு வந்து, கலங்கிய நீர் கழிமுகத்தைத் தாண்டிக் கடலில் பரவும்போது, அந்த நீரின் வாசனையை உணர்ந்ததுபோல் உல்லம் கூட்டம் கூட்டமாகக் கொள்ளிடத்தில் நுழையும். பதினெட்டாம் பெருக்கன்று பெண்கள் கரையில் காவிரியை வணங்கிய நாள்களில், நீருக்கடியில் வேறொரு விழாவும் நடந்துகொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. குஞ்சுகள் சில மாதம் ஆற்றில் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். ஆகவே இந்த மீனுக்குக் கடல் வேறு, ஆறு வேறு அல்ல. நடுவே சுவர் எழுந்தால் அதன் வாழ்க்கை இரண்டாக அறுபடும்.

மேலணையும் கீழணையும் எழுந்து முப்பதாண்டு கடந்தபின், 1867-இல், பாசன அணைகள் மீன்வளத்தைக் கெடுக்கின்றனவா என்ற கேள்வியைச் சென்னை அரசின் கவனத்துக்குக் காட்டன் கொண்டு வந்தார். தம் கைவண்ணத்தின் குறையைத் தாமே சுட்டிக்காட்டும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆராயும் பணி பிரான்சிஸ் டே என்னும் படை மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மீன்களைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட நூல்களுள் இன்றும் ஆய்வாளர் கைவிடாத பெருநூலை 1875-க்கும் 1878-க்கும் இடையே வெளியிட்டவர் அவர். அணையின் அடியில் ஏற முடியாமல் திரண்டு நிற்கும் மீன்களைக் கண்டார். அவ்விடத்திலேயே வலை வீசி அவற்றை அள்ளிச் செல்வதையும் கண்டார். வயல் வடிகால்களில் கூடுகளை வைத்துக் குஞ்சுகளைக்கூட விடாமல் பிடிப்பதையும், கண் சிறிதான வலைகளையும் குறித்து அரசை எச்சரித்தார். அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி அமைக்க வேண்டும் என்பதும் அவர் பரிந்துரை. 1873-இல் வெளியான அவரது அறிக்கை இந்தியா, பர்மா இரண்டின் நன்னீர் மீன்களைப் பற்றியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன்துறை உருவானபின், கொள்ளிடத்தில் உல்லத்தைக் காக்கும் முயற்சிகள் நடந்தன. கீழணையில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பொரிக்கவைக்கப் பார்த்தனர். மீன்வழியும் அமைத்துப் பார்த்தனர். அந்த மீன்வழிகளின் அமைப்பு சால்மன் மீனுக்காக ஐரோப்பாவில் வகுக்கப்பட்டது. சால்மன் துள்ளும், படிப்படியாக அமைந்த தொட்டிகளில் தாவி ஏறும். உல்லமோ துள்ளாத மீன். அகன்ற ஓட்டத்தில் கூட்டமாக நீந்திப் பழகியது. குறுகிய வழியில் நுழைய அஞ்சும். எனவே படி இருந்தும் ஏறுவார் இல்லை. எவர் ஏற வேண்டுமோ அவருடைய இயல்பைக் கேட்காமல் கட்டிய படிகளை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

1924 சூலையில் வந்த காவிரி வெள்ளம் நம் முன்னோர் நெடுங்காலம் கதையாகச் சொன்ன வெள்ளம். மேட்டூரில் அன்று நொடிக்கு 4,56,000 கன அடி நீர் வந்ததாகக் கணக்கு. அடுத்த ஆண்டு தொடங்கிய மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்றது. அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதுமுதல் ஆற்றின் ஆண்டுச் சுழற்சி மாறியது. முதல் வெள்ளம் அணையில் தங்கி, பாசனத்துக்கென அளந்து வரத் தொடங்கியது. திறக்கும் நாளும் சூன் 12 என்று மரபாயிற்று. நெல்லுக்கு இது நன்மை. கழிமுகத்தில் காத்திருந்த உல்லத்துக்கோ அழைப்பு வருவது அரிதாயிற்று. முன்பு வெகுதூரம் மேலே ஏறிப் பிடிபட்ட மீன், மேட்டூருக்குப் பின் அந்தப் பகுதிகளில் இல்லாமலே போயிற்று. கங்கையிலும் இதே கதை: 1975-இல் பராக்கா தடுப்பணை செயல்படத் தொடங்கியபின், அலகாபாத் வரை ஏறிய இலிசா அங்கு அருகிப் போயிற்று.

கடலுக்குப் போகாத உள்ளூர் மீன்களும் தப்பவில்லை. காவிரிக்கே உரிய வெண்கெண்டை, கருமுழிக் கெண்டை ஆகியன ஓடும் நீரில் பிறந்து வளர்பவை. அணைகளின் தேங்கிய நீர் அவற்றுக்கு ஒவ்வாது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பெருக வேண்டி வட ஆறுகளின் கட்லாவும் ரோகுவும் விடப்பட்டன. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் நம் குளங்களிலும் ஆறுகளிலும் பரவி, ஜிலேபிக் கெண்டை என்ற இனிய பெயரையும் பெற்றுவிட்டது. ஏழைக்கு அது மலிவான உணவு என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் சந்தையில் மீன் நிறைந்திருப்பதைக் கண்டு ஆறு நலமாக இருப்பதாகக் கருதிவிடக் கூடாது. காவிரியின் மலைப்பகுதிகளில் ஒரு காலத்தில் ஐம்பது கிலோவுக்கும் மேல் வளர்ந்த பெருங்கூன் மாசீர், இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் மீன் என்று 2018-இல் உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கு வெள்ளத்துக்கும் மீனுக்கும் உள்ள நெருங்கிய உறவைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஆற்றில் வாழும் மீன்கள் பலவும் ஓட்டத்தின் நடுவில் முட்டையிடுவதில்லை. வெள்ளம் கரையேறிப் படுகை நிலத்தில் பரவி, புல்லையும் கோரையையும் மூழ்கடித்து, ஆழமற்ற வெதுவெதுப்பான நீராக நிற்கும்போது அங்கே சென்று முட்டையிடுகின்றன. குஞ்சுகளுக்கு அங்கே உணவு உண்டு. பெரிய மீன் துரத்தி வராது. வெள்ளம் வடியும்போது அவை ஆற்றுக்குத் திரும்பும். கோடையில் ஆறு வறண்டாலும் மடுக்களில் நீர் நிற்கும். தாய்மீன்கள் அங்கே உயிர் தாங்கும். ஆக, படுகை, மடு, திட்டு ஆகிய மூன்றும் மீனின் பள்ளியறையும் தொட்டிலும் அடைக்கலமும் ஆகும். அவையே வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பவை: பரவ இடமுள்ள வெள்ளம் உயராது, இடமற்ற வெள்ளம் உயர்ந்து கரையை உடைக்கும். கரையைப் படுகைக்குள் நெருக்கிப் போட்டால் மீனுக்குத் தொட்டில் போகிறது. கரைக்கு அப்பால் உள்ள ஊருக்கு ஆபத்து கூடுகிறது. எசேக்கியேல் கண்ட காட்சியில், கோயிலினின்று புறப்பட்ட ஆறு உப்புக்கடலை நலமாக்குகிறது. பலவகை மீன்கள் பெருகுகின்றன. ஆயினும் சதுப்பு நிலங்களை மட்டும் இறைவாக்கினர் உப்புக்கென விட்டுவிடுகிறார். எல்லா நிலத்தையும் வயலாக்காத அந்தக் கணக்கை நம் விவிலிய விளக்கங்களில் நாம் அதிகம் பேசுவதில்லை.

கடந்த சில பத்தாண்டுகளில் கொள்ளிடத்துக்கு நேர்ந்தது மணல் இழப்பு. மேலிருந்து வரவேண்டிய மணலை மேட்டூர் பிடித்துக்கொள்கிறது. கீழே இருப்பதை இயந்திரங்கள் அள்ளிவிட்டன. படுகையில் ஆழமாகத் தோண்டிய குழி அந்த இடத்தோடு நிற்பதில்லை. வெள்ளம் வரும்போது குழியின் மேல்விளிம்பு இடிந்து இடிந்து ஆற்றின் மேல்நோக்கி நகரும்; படுகை முழுவதும் தாழும். அப்போது பாலங்களின் கால்கள் வெளியே தெரியும். பக்கத்து வாய்க்கால்களின் தலைப்பு எட்டாத உயரத்தில் நின்றுவிடும். கிணறுகளில் நீர் இறங்கும். கழிமுகத்தில் உப்புநீர் உள்ளே ஏறும். வெள்ளம் படுகை நிலத்துக்கு ஏறாமல் பள்ளத்திலேயே ஓடிவிடும், மீனோ முட்டையிட இடமின்றித் திரும்பும். மணலை அள்ளினால் ஆறு ஆழமாகி வெள்ளம் குறையும் என்று வாதிடுவோர் இன்றும் உளர். ஆழமான ஆற்றில் ஓட்டம் விரைவதையும், விரைந்த ஓட்டம் கரையின் அடியைத் தின்பதையும் அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

2018 ஆகஸ்டில் அதனைக் கண்ணால் கண்டோம். மேட்டூரிலிருந்து நொடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி நீர் வந்துகொண்டிருந்தது. 1924-இன் வெள்ளத்தில் இது பாதியும் இல்லை. ஆகஸ்டு 18 அன்று திருச்சியில் 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. ஆகஸ்டு 22 இரவில், முக்கொம்பு மேலணையின் 45 கதவுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. அணையின் முதுமையே காரணம் என்றனர் அதிகாரிகள். மணல் அள்ளியதே காரணம் என்றனர் உழவர்கள். முதியவர் தாமே விழுவதற்கும், அவர் காலடி மண்ணைப் பறித்தபின் விழுவதற்கும் வேறுபாடு உண்டு என்பது நம் கருத்து. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. ஆயினும் 2024 ஆகஸ்டில் திருச்சியருகே ஆற்றில் நின்ற உயர்மின் கோபுரம் வெள்ளத்தில் சாய்ந்தது. அணையைப் புதிதாகக் கட்ட முடிந்த நம்மால் படுகையைப் புதிதாக இட முடியவில்லை.

மேட்டூர் தந்த பாதுகாப்பு உணர்வும் இதில் சேர்ந்துகொண்டது. ஆண்டுதோறும் வந்த வெள்ளம் பத்தாண்டுக்கு ஒருமுறை என்றானபோது, ஆற்றுக்குரிய இடம் யாருக்கும் உரிமையற்ற இடமாகத் தோன்றியது. நிலமற்ற எளியோர் அங்கே குடியேறினர். வேறு எங்கே போவார்கள்? 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருநீர் வந்தபோது மயிலாடுதுறை மாவட்டத்தில் நீர் சூழ்ந்த ஊர்களின் பெயர்களைப் பாருங்கள்: நாதல்படுகை, முதலைமேடு திட்டு, கோரைத்திட்டு, வெள்ளமணல். படுகை, திட்டு, மணல், முதலை, கோரை ஆகிய சொற்களெல்லாம் அந்த நிலம் யாருடையது என்பதைப் பெயரிலேயே சொல்லி வைத்தன. முதலையும் வெறும் பெயரன்று. அணைக்கரையிலும் சிதம்பரத்துக்கு அருகே பழைய கொள்ளிடத்திலும் இன்றும் முதலைகள் உண்டு. ஆறு ஒருகாலத்தில் விட்டுச்சென்ற அந்தப் பழைய வழியின் பெயரை மக்கள் மறக்கவில்லை. பெருவெள்ளத்தில் ஆறும் அதை மறப்பதில்லை.

எனவே 'வீணாகக் கடலில்' என்ற சொற்றொடரை எழுதுவோரிடம் நாம் வேண்டுவது இதுதான். கடலுக்குப் போகும் அந்த நீர் கழிமுகத்தில் உப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எஞ்சியிருக்கும் மணலைக் கரைக்குக் கொண்டு சேர்க்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளுக்கு நன்னீர் தருகிறது. மீனவரின் இறாலுக்கும் மீனுக்கும் நாற்றங்காலாகிறது. முழுவதையும் தடுத்து நிறுத்தத் தடுப்பணைகளை வரிசையாகக் கட்டிவிட வேண்டும் என்று மேடைகளில் பேசுவது எளிது. கட்ட வேண்டிய இடத்தில் கட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டும்போது, மீன் ஏற வழி உண்டா, அந்த வழி எந்த மீனுக்கு ஏற்றது, மணல் கீழே இறங்குமா, ஆடியில் ஒருமுறையேனும் படுகை நனையும்படி நீர் விடப்படுமா என்ற கேள்விகளைக் கேட்க வேண்டும். 1867-இல் காட்டன் கேட்ட கேள்விதான் இது. திட்டுகளில் வாழும் மக்களுக்கு மேட்டு நிலத்தில் மனை தருவதும் அதனோடு சேர வேண்டும். வெள்ளத்தன்று பள்ளிக்கூடத்தில் தங்கவைத்து உணவுப் பொட்டலம் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. நாதல்படுகையிலும் வெள்ளமணலிலும் நீர் வடிந்தபின் திரும்பிய குடும்பங்கள், வீட்டுக்குள் படிந்த சேற்றை வாரி வெளியே கொட்டிவிட்டு, மீண்டும் அங்கேயே அடுப்பு மூட்டின.